உப்புக்காற்றில் நிற்கும் விமானத்துக்கு எந்தப் பொலிஷ், எந்தப் பூச்சு? திருகோணமலையில் இருந்து ஒரு முழு வழிகாட்டி

"அண்ணை, காருக்குப் பூசிற வக்ஸை இதுக்கும் பூசலாமோ?"

கார் கழுவும் இடங்களில் கைபழகிவிட்டு விமானப் பக்கம் வரும் தம்பிமார் முதலில் கேட்பது இதைத்தான். சிலதைப் பூசலாம், பலதைப் பூசக்கூடாது. செஸ்னா 172 இன் கையேடு நல்ல கார் மெழுகு பூசலாம் என்கிறது. அதே கையேடு, கார்க் கண்ணாடிக்கு அடிக்கும் கிளாஸ் கிளீனரை விமானத்தின் முன்கண்ணாடிப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம் என்றும் சொல்கிறது. போத்தலின் முன்பக்கம் விமானப் படம் போட்டிருப்பதைப் பார்த்து ஒன்றும் முடிவெடுக்க முடியாது. பெயின்றுக்குக் கீழே என்ன உலோகம், பக்கத்தில் என்ன பிளாஸ்ரிக், எங்கே என்ன துளை என்று பார்த்துத்தான் பொருளைத் தெரிவு செய்ய வேண்டும்.

செஸ்னா 150, 172, கரவன் போன்ற சின்ன விமானங்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். தொடங்க முன் ஒன்று: அந்த விமானத்தின் பராமரிப்புக் கையேட்டில் அனுமதித்த பொருட்களின் பட்டியல் இருந்தால், அதுதான் சட்டம். சந்தேகம் வந்தால் அனுமதிப்பத்திரம் உள்ள பொறியியலாளரைக் கேளுங்கள். கேட்காமல் தொடக்கூடாத விமானங்களும் சீனன்குடா விமானத்தளத்தில் நிற்கின்றன, அவை எவை என்று உங்களுக்கே தெரியும்.

இந்த ஊரில் பெயின்றைக் கெடுப்பது எது?

ஐப்பசி தொடங்கித் தை வரை வாடையும் மழையும். வைகாசியில் இருந்து புரட்டாதி மட்டும் கச்சான், முகத்தில் அனலாக அடிக்கும், கூடவே தூசி. வருடம் முழுக்க உப்பு. கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் விமானத்தின் செட்டையில் காலையில் விரலை வைத்து இழுத்தால் பிசுபிசுப்பு தெரியும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், இரவுப் பனியோடு சேர்ந்து ஆணித்தலையின் ஓரத்திலும் தகடுகள் பொருந்தும் இடத்திலும் இறங்கும். அங்கே பெயின்றுக்குக் கீழே புழு ஊர்ந்த தடம் போல மெல்லிய கோடுகள் எழும்பினால், அது அலுமினியம் அரிக்கத் தொடங்கியதன் அடையாளம்.

வெயில் வேறு விதமாக வேலை செய்கிறது. புறஊதாக் கதிர் பெயின்றில் உள்ள பிசினை உடைக்க, நிறத்தூள் மட்டும் சுண்ணாம்பு போல மேலே நிற்கும். கறுப்புத் துணியால் துடைத்தால் வெள்ளையாக ஒட்டும். கச்சான் தூசியை ஈரமில்லாமல் துடைத்தால் நுண்கீறல் விழும். ஆகவே உப்பைக் கழுவ ஒரு பொருள், செத்த பெயின்றை எடுக்க ஒரு பொருள், வெயிலைத் தாங்க ஒரு பொருள். மூன்றையும் ஒரே போத்தலில் தருகிறோம் என்பவர்களிடம் நான் காசு கொடுப்பதில்லை.

படி 1: போத்தலைத் திருப்புங்கள், தாளைக் கேளுங்கள்

எந்தப் பொருளுக்கும் இரண்டு தாள்கள் உண்டு: தொழில்நுட்பத் தரவுத்தாள், பாதுகாப்புத் தரவுத்தாள். இரண்டையும் தராத கடையில் வாங்க வேண்டாம். பாதுகாப்புத் தாளின் 3ஆம் பிரிவில் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று இருக்கும், 9ஆம் பிரிவில் பி.எச். அளவு, அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண், இருக்கும். அலுமினியத்தின் மேல் இயற்கையாகப் படியும் ஒக்சைட்டுப் படலம் ஏறத்தாழ பி.எச். 4 முதல் 8.5 வரைதான் நிலைத்து நிற்கும். அதற்கு அப்பால் காரமோ அமிலமோ, படலம் கரையும். லொறி கழுவும் காரத் திரவங்களும், சக்கரத்தைப் பளிச்சென்று ஆக்கும் அமிலத் திரவங்களும் இந்த இடத்திலேயே கழிந்துவிடும்.

தொழில்நுட்பத் தாளில் சில பரிசோதனைகளின் பெயர்களைத் தேடுங்கள். போயிங்கின் டி6-17487 என்பது வெளிப்புறக் கிளீனர், பொலிஷ், மெழுகு ஆகியவற்றுக்கான பரிசோதனைத் தொகுப்பு. தனித்தனியாகப் பார்த்தால், ஏ.எஸ்.ரி.எம். என்ற தர அமைப்பின் எப்484 என்பது அக்ரிலிக் கண்ணாடியில் நுண்வெடிப்பு விழுகிறதா என்று பார்ப்பது. எப்502 பெயின்ற் மென்மையாகிறதா என்று பார்ப்பது. எப்483 உலோகத்தைப் பொருளில் முழுதாக அமிழ்த்தி வைத்து அரிப்பைப் பார்ப்பது. எப்1110, இரண்டு தகடுகளுக்கு நடுவே அகப்பட்ட ஈரம் என்ன செய்யும் என்பதைப் பார்ப்பது. எப்519, லாண்டிங் கியர் போன்ற உயர்வலு உருக்கில் ஐதரசன் ஏறி அது நொறுங்கும் தன்மை அடைகிறதா என்பதற்கு. இந்த எண்கள் இருந்தால் யாரோ காசு செலவழித்துச் சோதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். "விமானத்துக்கும் உகந்தது" என்ற ஒற்றை வரிக்கு அப்படி எந்த அர்த்தமும் இல்லை.

இன்னொன்றும் பாருங்கள்: சிலிக்கன். சிலிக்கன் எண்ணெய் கலந்த மெழுகு பளபளப்பாக இருக்கும், பூசவும் இலகு. ஆனால் பிறகு அந்தத் தகட்டில் பெயின்ற் திருத்த வேலை வந்தால், புதுப் பெயின்ற் அங்கங்கே விலகி மீன்கண் போலக் குழி விழும். கீறலும் திருத்தமும் அடிக்கடி வரும் பயிற்சி விமானம் என்றால் சிலிக்கன் இல்லாததாகவே வாங்குங்கள்.

படி 2: பெயின்றைப் படியுங்கள்

இன்றைய விமானங்களில் பெரும்பாலும் எபொக்சி பிறைமர், அதன் மேல் பொலியூரித்தேன். பழையவற்றில் அக்ரிலிக் லாக்கர் அல்லது எனாமலும் இருக்கலாம், அவை மென்மையானவை, சீக்கிரம் தேயும். மறைவான ஒரு இடத்தில் மெல்லிய பொலிஷ் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள். துணியில் விமானத்தின் நிறம் ஒட்டினால் மேலே கிளியர்கோட் என்ற நிறமில்லாத மேற்பூச்சு இல்லை, நிறத்தையே நேரே தேய்க்கிறீர்கள்.

மேற்பூச்சின் தடிப்பு பொதுவாக 50 மைக்ரான் அளவில்தான். ஆணித்தலையிலும் தகட்டு ஓரத்திலும் அதைவிடக் குறைவு. தடிப்பு அளக்கும் கருவி வாங்கினால் அலுமினியத்தில் வேலை செய்யும் எடி கரன்ற் வகையாக இருக்க வேண்டும். இரும்புக்கு மட்டுமான காந்த வகைக் கருவி இங்கே ஒன்றும் காட்டாது. தேய்த்துத் தேய்த்துப் பெயின்ற் தீர்ந்தால் அடுத்தது பிறைமர், அதன் கீழே அல்கிளாட் தகட்டின் மேல் இருக்கும் தூய அலுமினியப் படலம். அந்தப் படலம்தான் உள்ளே இருக்கும் வலுவான கலப்புலோகத்தை அரிப்பில் இருந்து காக்கிறது. அதையும் தேய்த்து எடுத்துவிட்டுப் பளபளப்பைக் காட்டிப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

கொப்புளம், புழுத்தடம், ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையம் கண்டால் அங்கே பொலிஷ் போடாதீர்கள். படம் எடுத்துப் பொறியியலாளரிடம் காட்டுங்கள். பொலிஷ் அதை மறைத்துவிடும், மறைந்தது உள்ளே வளரும்.

புதிதாகப் பெயின்ற் அடித்த விமானம் என்றால் பெயின்ற் முழுதாக இறுகும்வரை மெழுகு வேண்டாம். எவ்வளவு நாள் என்பது பெயின்றுக்குப் பெயின்ற் மாறும், அடித்தவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதுவரை வெறும் தண்ணீரும் மென்சோப்பும் போதும்.

படி 3: மூட வேண்டியதை மூடுங்கள்

இதில் நான் கொஞ்சம் நின்று பேசுவேன். 1996 ஒக்ரோபர் 2 அன்று லிமாவில் இருந்து புறப்பட்ட ஏரோபெரு நிறுவனத்தின் 603ஆம் பறப்பு, ஒரு போயிங் 757. கழுவிப் பொலிஷ் செய்தபோது நிலையழுத்தத் துளைகளின் மேல், அதாவது உயரமும் வேகமும் காட்டும் கருவிகளுக்கு வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொடுக்கும் துளைகளின் மேல், ஒட்டிய ரேப்பை எடுக்க மறந்துவிட்டார்கள். வெள்ளி நிற ரேப், வெள்ளி நிற உடல், இரவு நேரம், பறப்புக்கு முந்திய சோதனையில் யார் கண்ணிலும் படவில்லை. மேலே போனதும் உயரமும் வேகமும் பொய் காட்டின. இருட்டில் பசிபிக் கடலில் விழுந்தது, 70 பேரும் இறந்தார்கள். நாம் செய்யும் அதே வேலைதான் அது.

ஆகவே வேகத்தை அளக்க எதிர்காற்றை வாங்கும் பிற்றோ குழாய்க்கு அதன் சொந்த உறை. நிலையழுத்தத் துளை, எரிபொருள் காற்றுத்துளை, ஸ்ரோல் எச்சரிக்கைத் துளை ஆகியவற்றுக்குக் கடும் சிவப்பு அல்லது செம்மஞ்சள் ரேப், ஒவ்வொன்றிலும் தொங்கும் நாடா. ஒட்டும்போதே எத்தனை என்று ஒரு தாளில் எழுதி, அதை விமானியின் இருக்கையில் வையுங்கள். கழற்றும்போது ரேப்பைக் கையில் எண்ணி, தாளோடு ஒப்பிட்டு, இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். பசை விட்டுப்போகாத ரேப்பாக இருக்கட்டும். துளைக்குள் பசையோ மெழுகோ போனால் ஊசியால் குத்தி எடுக்க வேண்டாம், பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

படி 4: கழுவும் பொருள்

என்னைக் கேட்டால், திருகோணமலையில் நிற்கும் விமானத்துக்கு மிகப் பெரிய பாதுகாப்பு அடிக்கடி நல்ல தண்ணீரில் உப்பை அலசுவதுதான். மெழுகு எல்லாம் அதற்குப் பிறகு. கடற்கரையோரக் கிணறுகள் பல சவர், அதனால் கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீரைப் பாவியுங்கள். வெயிலில் காயவிட்டால் சுண்ணாம்புப் புள்ளி விழும், உடனே துவாயால் ஒற்றி எடுக்க வேண்டும்.

சோப்பு பி.எச். நடுநிலையானதாக இருக்கட்டும். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம். அவற்றில் பலவற்றைத் தடிப்பாக்க உப்புத்தான் போடுகிறார்கள், உப்பைக் கழுவ உப்பை ஊற்றுவானேன்? குளோரின் கலந்த வெளுப்புத் திரவமும் அப்படியே கழியும். விமானக் கிளீனர் வாங்குவதென்றால் ஏ.எம்.எஸ். 1526 போன்ற விமானப் பொருள் தரத்தைக் குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் இல்லாமல் துடைக்கும் உலர்கழுவல் பொருட்கள், வோஷ் வக்ஸ் ஓல் மாதிரியானவை, நல்லவைதான். உள்ளே ஹாங்கரில் நிற்கும், லேசான தூசி மட்டும் படிந்த விமானத்துக்கு நானும் பரிந்துரைப்பேன். கச்சான் அடித்து மணல் படிந்த விமானத்தில் நேரே பாவித்தால் மணலை வைத்துத் தேய்ப்பதாகிவிடும், முதலில் அலசுங்கள்.

வயிற்றுப் பக்கத்தை மறக்க வேண்டாம். அவ்காஸ் 100எல்எல் என்ற ஈயம் கலந்த விமானப் பெற்றோலை எரிக்கும் பிஸ்ரன் இயந்திரம் என்றால் புகைக்குழாய்க்குப் பின்னால் படியும் சாம்பல் நிறக் கறையில் ஈயச் சேர்மங்கள் உண்டு, ஈரத்தோடு சேர்ந்தால் அது அரிக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சோப்புக்குப் போகாத எண்ணெய்ப் பிசுக்குக்கு, செஸ்னா கையேடு சொல்வது ஸ்ரொடார்ட் கரைப்பான் (வைற் ஸ்பிரிட் வகை) நனைத்த துணி. தின்னரும் பெற்றோலும் அந்த இடத்தில் சரிவராது.

உயர்அழுத்தத் தண்ணீர் பீச்சியை பெயரிங் (இணைப்புகளை மூடும் உறை), சீல், அன்ரெனா, கட்டுப்பாட்டுச் செட்டைகளின் கீல் இவற்றின் மேல் பிடிக்க வேண்டாம்.

படி 5: பொலிஷ், எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது

கழுவிய பின் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் மெல்லிய வகைக் களிமண் கட்டியை, போதிய வழுக்குத் திரவத்தோடு, அழுத்தாமல் தேய்க்கலாம். கார்காரர் அடிக்கும், ஊதா நிறமாக மாறும் இரும்புத்தூள் நீக்கியை நான் விமானத்தில் பாவிக்க விடுவதில்லை, தகட்டு இடுக்குக்குள் போய்த் தங்கும் ரசாயனம் எதுவானாலும் எனக்குப் பயம்.

பொலிஷில் மூன்று வகை கடையில் இருக்கும்: கட்டிங் கொம்பவுண்ட், நடுத்தரப் பொலிஷ், பினிஷிங் பொலிஷ். கடைசியில் இருந்து தொடங்குங்கள். செட்டையின் கீழ்ப்பக்கம் ஒரு அடிக்கு ஒரு அடி சதுரத்தில் சோதித்து, போதாவிட்டால் மட்டும் ஒரு படி மேலே போங்கள். தேய்க்கத் தேய்க்கத் துகள் உடைந்து மென்மையாகும் வகை நல்லது. கீறலை நிரப்பி மறைக்கும் வகைகளும் உண்டு, அவை இரண்டு கழுவலில் தங்கள் உண்மையைச் சொல்லிவிடும்.

மெஷின் என்றால் இரட்டையசைவு வகை, மென்மையான நுரைப் பஞ்சு. ஒரே திசையில் சுற்றும் மெஷினும் கம்பளிப் பஞ்சும் ஒரே இடத்தில் சூடு ஏற்றும், மெல்லிய தகட்டில் அது சட்டென்று தெரியும். கலப்புநார் உடல் உள்ள விமானத்தில் இன்னும் கவனம். ஆணி வரிசையிலும் ஓரத்திலும் மெஷினை விட்டுவிட்டுக் கையால் செய்யுங்கள். வேலை நேரம் விடியற்காலை அல்லது ஹாங்கர் நிழல். புறங்கையைத் தகட்டில் வைத்து எடுக்காமல் இருக்க முடிந்தால் சரி, சுட்டால் அன்றைக்கு வேண்டாம்.

இடுக்கில் காய்ந்த பொலிஷ் தூள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மென்தூரிகையால் எடுத்து, திரும்ப ஒருமுறை அலசுங்கள். பெயின்ற் இல்லாத ஸ்பின்னர் (புரொப்பெல்லரின் நடுக்கூம்பு), முன்விளிம்பு போன்ற வெற்று அலுமினியத்துக்கு உலோகப் பொலிஷ் தனி, அதற்கான தரம் ஏ.எம்.எஸ். 1650. அதைப் பெயின்றிலும் பெயின்ற் பொலிஷை உலோகத்திலும் மாற்றிப் போடாதீர்கள், துணியும் தனித்தனியாக இருக்கட்டும்.

படி 6: பாதுகாப்புப் பூச்சு

கர்னோபா மெழுகு: 82 முதல் 86 பாகை செல்சியஸில் உருகும் பனை மெழுகு. ஆழமான பளபளப்பு, பூசுவது இலகு, கழற்றுவதும் இலகு. எங்கள் வெயிலில் நீண்ட நாள் நிற்காது.

பொலிமர் சீலன்ற்: செயற்கை, மாதக்கணக்கில் நிற்கும். கொலினைட் 885 போன்ற கலப்பு வகைகளை மீன்பிடிப் படகுக்காரரும் விமானக்காரரும் ஒருமித்துப் பாவிக்கிறார்கள், உப்புக்கு நல்லது.

செரமிக்: எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். நல்ல பொருள்தான், ஆனால் மூன்று விஷயம். ஒன்று, பூச முன் தகட்டை ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைக்கச் சொல்வார்கள், அந்த அல்ககோல் பக்கத்திலிருக்கும் அக்ரிலிக் ஜன்னலில் பட்டால் நுண்வெடிப்பு விழலாம். இரண்டு, ஈரப்பதனும் சூடும் கூடிய எங்கள் காற்றில் சட்டென்று இறுகும், துடைக்க முந்தித் திட்டாக நின்றுவிடும். மூன்று, அந்தத் திட்டை எடுக்கத் தேய்ப்பதைத் தவிர வழியில்லை, தேய்த்தால் போவது பெயின்ற். பெயின்ற் தடிப்பு அளந்து, ஹாங்கர் உள்ளே, அனுபவப்பட்டவர் செய்வதென்றால் சரி. வெளியே வெயிலில் நிற்கும் பயிற்சி விமானத்துக்கு நான் சீலன்றைத்தான் சொல்வேன். விலை குறைவு, பிழைத்தால் திரும்பச் செய்யலாம்.

டெப்லோன் கலந்தது என்று கூடுதல் விலை சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். அந்தப் பொருள் 327 பாகையில்தான் உருகும், கையால் பூசும் மெழுகில் அது படலமாகப் போவதில்லை.

பூசும்போது மெல்லியதாக ஒரு பூச்சு, காய விட்டு இன்னொன்று. செட்டையின் முன்விளிம்பு, வால், இயந்திர மூக்கு, ஸ்பின்னர் ஆகிய இடங்களில் தடிப்பாகப் பூசச் சொல்கிறது செஸ்னா கையேடு, காற்றோடு வரும் மணலும் பூச்சியும் முதலில் அடிப்பது அங்கேதான்.

தகட்டு இடுக்கின் உள்ளே நடக்கும் அரிப்புக்கு மேலே பூசும் எதுவும் மருந்தல்ல. அதற்கு ஏ.சி.எப்-50, கொரோஷன் எக்ஸ் போன்ற உட்புகும் தடுப்பு எண்ணெய்கள் உண்டு, அவற்றை அடிப்பது பொறியியலாளரின் வேலை. அடித்த பின் இடுக்குகளில் இருந்து சில நாள் கசியும், ஆகவே மெழுகு பூசும் நாளை அதற்குப் பின்னால் வையுங்கள்.

படி 7: ஜன்னல்கள்

முன்கண்ணாடி கண்ணாடியல்ல, அக்ரிலிக். அமோனியா, அல்ககோல், அசிற்றோன், தின்னர், பெற்றோல் எதுவும் ஆகாது. நிறையத் தண்ணீர் ஊற்றி, மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு, வெறுங்கையால் தடவி மணலை இறக்குங்கள். விரல் நுனிக்கு மணல் தெரியும், துணிக்குத் தெரியாது. பிறகு மென்சோப்பு, பிறகு பிளெக்ஸஸ் அல்லது பிறிஸ்ற் போன்ற அக்ரிலிக் கிளீனர், சுத்தமான புதுத் துவாய். மேலும் கீழுமாகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்து விழும் கீறல், மாலைச் சூரியனுக்கு எதிரே இறங்கும் விமானிக்கு ஒளிவட்டமாகத் தெரியும். மென்கீறலுக்கு மெகயர்ஸ் 17, அதற்குப் பின் 10. தடித்த கன்வஸ் துணியால் மூடி வைப்பதும் கீறும்.

பூசவே கூடாத இடங்கள்

பிரேக் தட்டு, அதற்கு அருகே ரயர். ரயரைக் கறுப்பாக்கும் சிலிக்கன் திரவம் பிரேக்கில் தெறித்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. லாண்டிங் கியரின் மினுங்கும் தண்டு. செட்டையில் கால் வைத்து ஏறும் கறுப்புப் பட்டை, மெழுகு பட்டால் வழுக்கும். முன்விளிம்பில் பனிக்கட்டியை உடைக்கும் ரப்பர் பூட் உள்ள கரவன் என்றால் அந்த ரப்பருக்குத் தனிப் பொருள் உண்டு, பெயின்ற் மெழுகு அதில் படக்கூடாது.

வாங்குவதும் வைப்பதும்

172 இன் செட்டைப் பரப்பு ஏறத்தாழ 16 சதுர மீற்றர், கரவனுடையது 26. மேலும் கீழும் என்று இரட்டிப்பாக்கி, உடலையும் வாலையும் சேர்த்துக் கணக்கிட்டு வாங்குங்கள். காருக்குப் பழகிய கண்ணுக்கு முதல் தடவை போதாமல்தான் வரும். வெளிநாட்டில் இருந்து எடுப்பிப்பதென்றால், தீப்பற்றும் கரைப்பானும் அழுத்தக் கலன்களும் விமானச் சரக்கில் அபாயகரப் பொருட்கள், தண்ணீர் அடிப்படையிலானவற்றில் அந்தத் தலையிடி இல்லை. தகரக் கொட்டிலுக்குள் வைத்தால் மெழுகு பிரிந்து எண்ணெய் மேலே நிற்கும். சீமெந்துத் தரை உள்ள, வெயில் படாத அறையில் வையுங்கள், திறந்த திகதியைப் போத்தலில் எழுதுங்கள்.

திரும்ப எப்போது பூசுவது என்பதைச் செட்டையின் மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்து முடிவெடுக்கலாம். உருண்டு ஓடினால் பூச்சு உயிரோடு இருக்கிறது, தட்டையாகப் பரந்து நின்றால் போய்விட்டது. எப்படியும் வருடத்தில் இரண்டு தடவையைக் குறித்து வையுங்கள்: கச்சான் தொடங்க முன் சித்திரையில் ஒன்று, வாடைமழை பிடிக்க முன் புரட்டாதிக் கடைசியில் ஒன்று. நேரமோ காசோ ஒரு தடவைக்குத்தான் போதும் என்றால் சித்திரையை எடுங்கள்.